மேசையில் சாய்ந்த பெரிய மனிதர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்று கேட்க மனம் வரவில்லை, போனில் அழுத லட்சணத்தைத்தான் கேட்டேனே. உன் ஆய்வகத்தில் லேசர் ஒளியைக் குறுக்கும் நெடுக்கும் பாய்ச்சி, முட்டைத் தட்டு மாதிரி குழி குழியாக்கி, அணுக்களை உறையவைக்கும் குளிருக்கும் கீழே கொண்டுபோய் குழிக்கு ஒன்றாக உட்காரவைக்கிறாய். யாராவது நடந்தால்கூட அதிரக் கூடாதென்று மேசையையே காற்றில் மிதக்க விட்டிருக்கிறாய். உன் பேராசிரியர் என்ன செய்தார்? வந்த விருந்தாளிகளுக்குப் பெருமையடிக்கிற சாக்கில் அந்த மேசையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். கண்ணாடிகள் ஆடின, குழிகள் ஆடின, அணுக்கள் சிதறின, அணுக்களை எடுத்த படத்தில் வெறும் புகைதான் வந்தது. உடனே திரும்பி, "இந்தப் பொண்ணு கண்ணாடிய சரியா வைக்கல"ன்னாராம். சுற்றி நின்ற ஏழெட்டுப் படித்த மேதைகளும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நின்றார்களாம். தூ!

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் பெரிய டாக்டரும் இதே ரகம்தான், தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டு விளக்குப் பிடித்த பெண்ணைத் திட்டுவார். இவர்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. உன் அப்பாவோ, "ஒரு வார்த்தை தானே, தப்பு என் மேலதான்னு சொல்லிட்டுப் போகட்டும், பெரிய மனுஷன பகைச்சுக்கலாமா" என்கிறார். முப்பது வருடமாக மேலதிகாரிக்குத் தலையாட்டியே கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டவரின் யோசனை. அதைக் கேட்டு நீயும் தலையாட்டினாயே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆய்வகத்தின் அடுத்த வாரக் கூட்டத்தில் தப்பை நீ ஒப்புக்கொண்டால், கை சரியில்லாதவள் என்று சொல்லி அந்த மேசையைப் பேராசிரியர் தன் செல்லப்பிள்ளையான மாணவனுக்குக் கொடுத்துவிடுவார். நாலு வருடமாக நீ ஒவ்வொரு கண்ணாடியாகத் திருகி நிறுத்திய மேசை அது.

அதனால் எழுந்து நின்று, "நீங்க சாஞ்சீங்க சார், அதனாலதான் கலைஞ்சுது" என்று எல்லோர் முன்னாலும் சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அந்தக் குளிர் அறைக்குள் போகாதே. சொன்னதால் வேலை போனால் நேரே வீட்டுக்கு வா, தலைநிமிர்ந்து உன்னை வரவேற்பேன். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் எனக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கி அனுப்பாதே.

நன்றாக இரு, தைரியமாக இரு. கூட்டம் முடிந்ததும் முதல் போன் எனக்கு, அப்பாவுக்கு இல்லை.

கோபம் தீராத,
உன் அம்மா