சிரிப்பதற்காக வெளியே வந்தவன்

அன்புள்ள அழகுமீனாவுக்கு,

ஓமானில் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அப்பாவின் மூட்டுவலி குறைந்ததா?

முதலாளிக்கு டிப்பர் லாரி வேண்டும், வாங்க மனமில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றை என்னிடமும் சூலக்கரை மாரீஸ்வரனிடமும் ஒப்படைத்தார். பின்பக்கம் இரும்புப் பெட்டி கட்டி, கீல் வைத்து, அடியில் ஹைட்ராலிக் ஜாக்கி பொருத்தினோம். நேற்றுதான் முதல் லோடு கல்லைக் கொட்டியது. தூக்கிய பெட்டிக்கு முட்டுக் கொடுக்காமலே, கீலைப் பார்க்க இருவரும் அடியில் நுழைந்தோம்.

ஜாக்கிக் குழாய் 'உஸ்' என்றது. பட்டாசு ஆலையில் வேலை பார்த்த கால்களுக்கு யோசிக்கத் தெரியாது. வேலிவரை ஓடிவிட்டேன். மாரீஸ்வரன் எண்ணெய்க் கடையில் இருந்தவன். எண்ணெய் ஒழுகினால் அசையமாட்டான்.

"என்னலே, இங்கன சரவெடியா இருக்கு?"

"வெளிய வாலே!"

"பொறு, நீ ஓடுன லட்சணத்தைப் போட்டோ எடுத்து மதினிக்கு அனுப்புதேன்."

போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அடுத்த நொடி பெட்டி விழுந்தது. அவனுடைய ஒரு செருப்பு இன்னும் அடியில் கிடக்கிறது. அந்தப் போட்டோ வந்தால் பயப்படாதே, அவன் துள்ளியதில் வெறும் வானம்தான் விழுந்திருக்கிறது. வண்டிக்குச் சேதமில்லையே என்று முதலாளி அன்போடு விசாரித்தார். இனிமேல் முட்டுக் கொடுத்துத்தான் நுழைவோம்.

யாராவது இங்கு வந்தால் நாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று கொடுத்தனுப்பு. இங்கே எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள், கடைசியாக ஒன்று. நாரணாபுரம் பட்டாசு ஆலையில் உனக்குச் சீசன் வேலை. சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடிவிடு. ஒன்றுமில்லை என்று தெரிந்து மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கவாவது வெளியே வருவார்கள்.

உன் உக்கிரபாண்டி