கட்டைவிரல் நகமளவு முகம்

பிளாரன்ஸ், 1487 அக்டோபர் 9

பாச்சோ இன்று தாள்களைக் கொண்டுவந்து போட்டான். பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்கான ஜெபப் புத்தகம். எழுத்து கன்னியர் மடத்தில், படம் என் மேஜையில், தைத்துக் கட்டுவது அவன் கடையில். முதல் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் சின்ன மகள் தெஸ்ஸாவின் கையெழுத்து.

"என்ன ஓய், தோல்தாளை முகர்ந்து பாக்குறீரு? பன்னிக்கறி வறுவலா அது?" என்றான். போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு, என்றேன்.

அக்டோபர் 10

படத்துக்கு இடம் விட்டு, ஓரத்தில் ஈயக்குச்சியால் குறிப்பு வைப்பது எழுதுகிறவர்கள் வழக்கம். இங்கே இன்னார், கையில் இன்னது என்று. படம் முடிந்ததும் நாங்கள் அதை அழித்துவிடுவோம். 'இங்கே புனித கத்தரீனம்மாள், சக்கரத்துடன்' என்று எழுதியிருக்கிறாள்; அந்தப் புனிதையை வதைத்துக் கொல்லக் கொண்டுவந்த சக்கரம். ஆறு வருஷத்தில் என் மகள் எனக்கு எழுதிய முதல் வரி!

அக்டோபர் 14, ஞாயிறு

மடத்துக்குப் போனேன். கம்பிச் சன்னலில் கறுப்புத் துணி. அந்தப் பக்கம் அவள். அவள் பக்கத்தில், பேசுவதைக் கேட்பதற்கென்றே ஒரு மூத்த கன்னியாஸ்திரி.

"சாப்பிடறியாம்மா?"

"சாப்பிடறேன்ப்பா."

"உடம்பு?"

"நல்லா இருக்கேன்ப்பா."

ஆறு வருஷமாக இதேதான். துணியைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது. பதினொரு வயதில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு பெண்களுக்குச் சீதனம் கொடுக்க என்னால் ஆகாது. பெரியவள் நன்னீனாவுக்குக் கல்யாணம், சின்னவளுக்கு மடம். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று சொல்லிக்கொண்டேன். இன்றும் சொல்லிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன். இப்போது எப்படி இருப்பாள்? வளர்ந்திருப்பாளா?

அக்டோபர் 19

கத்தரீனம்மாளுக்குத் தெஸ்ஸாவின் முகத்தையே போட்டேன். முதலில் பச்சை நிற மண்சாயம் பூசி, அதன்மேல் அணில் முடித் தூரிகையால் தோல் நிறம். என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் முகம். உப்பிய கன்னம், பெரிய கண். சரிபார்க்க மடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 27

தாள் திரும்பி வந்திருக்கிறது.

"பதினஞ்சு வருஷத்துல உம்ம படம் திரும்புனதே இல்ல. கண்ணு அவிஞ்சுபோச்சா ஓய்?" என்றான் பாச்சோ.

ஓரத்தில் புதுக் குறிப்பு. 'இது குழந்தை முகம். புனிதைக்குப் பதினேழு வயது. கன்னம் ஒட்டியிருக்கட்டும். இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு.'

கத்தரீனம்மாளுக்கு ஏது தழும்பு? நாலு தடவை படித்த பிறகுதான் உறைத்தது. என் மகள் தன் முகத்தை எனக்குச் சொல்கிறாள். மடத்துத் தலைவி பார்த்தாலும் படத்துக்கான குறிப்பு, அவ்வளவுதான்.

அந்தத் தழும்பு எப்படி வந்தது? விழுந்தாளா? யாராவது அடிச்சாங்களா? எங்கிட்ட ஏன் சொல்லல — எப்படிச் சொல்லுவா, பக்கத்துலயே ஒருத்தி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்போது!

அக்டோபர் 31

பழைய முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். நன்னீனா வந்தவள் மேஜையை எட்டிப் பார்த்தாள்.

"இது யாருப்பா? அம்மா மாதிரியே இருக்கு."

"உன் தங்கச்சி."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்காகத்தானேப்பா அவ போனா?" என்று அழுதாள். கொஞ்சம் திராட்சை ரசம் ஊற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 3

முடிந்தது. ஒட்டிய கன்னம், தழும்பு, எல்லாம் அவள் சொன்னபடி. வாய்க்கு மட்டும் குறிப்பு இல்லை, சிறு சிரிப்பு வைத்தேன். திட்டினால்கூடச் சிரிக்கிற பிள்ளை அவள்.

நவம்பர் 12

மறுபடியும் வந்துவிட்டது. ஒரே வரி.

'முகம் சரி. சிரிப்பு மட்டும் வேண்டாம்.'

நவம்பர் 13

வேலை ஓடவில்லை.

நவம்பர் 15

கத்தி முனையால் சிரிப்பை எடுத்துவிட்டேன். மயிரிழை அளவுதான், மூச்சு விடுவதற்குள் போய்விட்டது. வாயை மூடி வரைந்தேன். குறிப்பையும் அழித்தேன். பாச்சோ குனிந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா உசுரு வந்திருக்கு" என்றான். அவனுக்கு என்ன தெரியும். தாளைச் சுருட்டாமல் பலகைமேல் வைத்து எடுத்துப் போகச் சொன்னேன்.

நவம்பர் 18, ஞாயிறு

மடத்துக்குப் போனேன். சாப்பாடு, உடம்பு எதுவும் கேட்கவில்லை. துணிக்குக் கிட்டே போய், யார் கேட்டால் என்ன என்று சத்தமாகவே சொன்னேன். "தெஸ்ஸா, உன்னை இங்க கொண்டுவந்து விட்டது தப்பும்மா. நான் செஞ்ச தப்பு."

மூத்த கன்னியாஸ்திரி எழுந்து என்னைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. ஒரு குரல் என் மகளுடையது. இன்னொன்று வயதான குரல்.