கேக்காமல் செய்த மாற்று

மார்ச் 5, சனி

காலமை தூறல். குளிர் விடேல்லை. ரூ லூயி-பிளாங்க் தெரு மரக்கறிக்கடையிலை கத்தரிக்காய் பாத்தது. வதங்கல். வாங்கேல்லை.

இண்டைக்குக் கூடைப்பந்துக்குப் பேர் எடுத்தவை. எங்கட பெட்டையளுக்கு நாலு அணி. எல்லாற்றை பேரையும் பலகையிலை எழுதி, ஒவ்வொரு அணிப் பொறுப்பாளரும் முறைக்கு ஒருத்தியைக் கேட்டு எடுக்கிறது. நாங்கள் இருக்கிற லா சப்பல் பகுதி அணிக்குப் பொறுப்பு எங்கட மூத்த பேத்தி றெஜினா. வயது இருபத்திரண்டு. மற்ற மூண்டு பொறுப்பாளரும் மீசை வைச்ச ஆம்பிளையள். சந்தோசத்திலை தேத்தண்ணிக்கு ரண்டு தரம் சீனி போட்டிட்டன்.

றெ. எடுத்த ஆக்களும் என்ரை மார்க்ஸும் (பத்துக்கு):
நெட்டை அனுஷா – 9. கையை நீட்டினாலே கூடை.
சுகி, எங்கட சின்னப் பேத்தி – 10. பக்கச்சார்பு இல்லை. கொஞ்சம் இருக்கு.
கண்ணாடி போட்ட டெய்சி – 3. காத்தடிச்சா விழும்.

பின்னேரம் மரக்கறிக்கடைத் தம்பி செபஸ்தியன்: "என்னம்மா, பேத்தி கண்ணாடிக்கடை திறக்கப் போறாவோ?"
"நீ உன்ரை கத்தரிக்காயைப் பார் தம்பி. அதுக்குத்தான் கண்ணாடி வேணும்."

மார்ச் 9, புதன்

வெயில். சுடாத வெயில்.

பயிற்சி பாக்கப் போனன். முழங்கால் நோ. டெய்சி, பந்து வரமுன்னமே அது வாற இடத்திலை நிக்கிறாள்! 3ஐ வெட்டி 8. செபஸ்தியனுக்குச் சொல்லவேணும்.

ஆட்டத்திலை சுகிக்கும் டெய்சியின்ரை இடம்தான். அதாலை பிள்ளை முழு நேரமும் ஆடாத ஆக்கள் இருக்கிற வாங்கிலை குந்தியிருந்து சப்பாத்துக் கயிறை அவிட்டு அவிட்டுக் கட்டினாள்.

மார்ச் 12, சனி

வானம் மூடிக் கிடக்கு. வீடும்.

றெ. சுகியை எபினே ஊர் அணிக்குக் குடுத்திட்டாள். பதிலுக்கு அங்கையிருந்து மார்த்தா எண்டொரு பெட்டை. ஆளுக்கு ஆள் மாத்து. மகள் பிலோமினா வெங்காயம் வெட்டி வெட்டி அழுதாள். "சொந்தத் தங்கச்சியை ஆரும் மாத்துவினமோ? அளவு காணாத சட்டையே அவள்?"

சுகி பிரெஞ்சிலை ஏதோ கத்திப்போட்டு அறைக்கதவை அடிச்சுச் சாத்தினாள். சொன்னது விளங்கேல்லை. கதவு விளங்கினது.

றெ.க்கு மார்க்ஸ்: 0.

மார்ச் 14, திங்கள்

கீரை. ஒரு கட்டு பழுது.

றெ.வைப் பக்கத்திலை இருத்திக் கீரை ஆயக் குடுத்தன்.
"ஏனடி பிள்ளை?"
"அம்மம்மா, இஞ்சை டெய்சி இருக்குமட்டும் சுகி வாங்கிலைதான். எபினேயிலை பந்தைக் கொண்டு ஓட ஆளில்லை. அங்கை போனா முழு ஆட்டமும் அவள்தான். எங்களுக்கு நெட்டையா இன்னொராள் வேணும், மார்த்தா நெட்டை."

நியாயம்தான். எங்கட மாற்றுச் சம்பந்தம் மாதிரி. அண்ணைக்குப் பொம்பிளை எடுக்க, அந்த வீட்டுப் பொடியனுக்கு என்னைக் குடுத்தவை. எனக்கு அப்ப சுகியின்ரை வயது, பதினேழு. நல்ல மனுசன் வாய்ச்சார், குறை சொல்லேலாது. ஆனா பந்தலுக்குத் தடி இறக்கேக்கைதான் கலியாணம் எனக்கெண்டு தெரியும்.

"அவளிட்டைக் கேட்டனியோ?"
கீரைத்தண்டை முறிச்சாள்.
"மாத்தினது பிழையில்லை. கேக்காமல் மாத்தினது பிழை. போய்க் கேள்."
"பேர் எழுதியாச்சே."
"அழிக்கேலாதோ? எனக்கு அஞ்சாம் வகுப்பிலையே அழிறப்பர் தந்தவை."
சிரிச்சாள். கண்ணும் துடைச்சாள்.

மார்ச் 15, செவ்வாய்

முழங்காலுக்கு எண்ணெய். றேடியோ கரகரப்பு.

றெ. தங்கச்சியின்ரை அறைவாசலிலை நிண்டு சொல்லுறது குசினிக்குக் கேட்டது. ஒட்டுக் கேக்கேல்லை. கேட்டது.
"சுகி, உனக்கு விருப்பமில்லையெண்டா மாத்தை முறிக்கிறன். ஆக்கள் சிரிச்சாலும் பறவாயில்லை."
அடுப்பிலை சோறு குழைஞ்சுபோச்சு.
பிறகு சுகி, தமிழிலை: "அங்கை என்ன நிறச் சட்டை?"
"பச்சை."
"பச்சை எனக்கு வடிவில்லை."
கதவு திறந்தது.

மார்ச் 19, சனி

வெயில். சுட்டது. எல்லாருமா ரயிலேறி எபினேக்குப் போனம். முதல் ஆட்டமே அக்காவின்ரை அணியும் தங்கச்சியின்ரை அணியும்.

வெளிக்கிடமுன்னம் றெ. என்ரை காலிலை சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு மெதுவாக் கேட்டாள். "அம்மம்மா, அம்மா எங்கட பக்கம் இருப்பா. நீங்கள் சுகியின்ரை பக்கம் இருக்கிறியளோ? விருப்பமெண்டா மட்டும்."
மற்றக் காலை நீட்டினன். ஓம் எண்டன்.

சுகி ஓடின ஓட்டம். பச்சை வடிவாத்தான் இருந்தது. கடைசியிலை டெய்சியைத் தாண்டிப் போட்டாள், கூடை. லா சப்பல் தோல்வி. றெ. தன்ரை ஆக்களுக்கு முன்னாலை எழும்பி நிண்டு கை தட்டினாள். பிறகு, தோத்தது தன்ரை அணியெண்ட நினைவு வந்து குந்தினாள்.

செபஸ்தியன் லா சப்பல் பக்கத்திலையிருந்து கத்தினான்: "என்னம்மா, உங்களையும் எபினேக்கு மாத்திப் போட்டாளோ பேத்தி?"
"ஓம் தம்பி. கேட்டு மாத்தினவள்."