கேஸ்தான் என்றீர்கள்

அக்கா,

இன்று காலை எங்கள் மாடிப்படி முழுக்க ஓம வாசனை. மூன்றாவது தளத்தில் யாரோ ஓமம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். பழக்கமில்லாத வீடு. ஆனாலும் கதவைத் தட்டிவிட்டேன். திறந்த பெண்ணிடம், "யாருக்கு என்ன?" என்றேன். குழந்தைக்கு வயிறு உப்புசமாம். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லப் போகிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது. அதற்கு முன் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் மகள் என்னைத் தேடி வந்தாள். "நானும் உங்ககூட வாக்கிங் வரட்டுமாக்கா? அப்பா வுடமாட்டேன்றாரு. நடந்து நடந்துதான் உங்கம்மா போய்ட்டான்றாரு." நடையின் மேல் பழி. அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

இந்த வேப்பம்பட்டில் எனக்கு முதலில் தெரிந்தவர் நீங்கள். தேனியிலிருந்து வந்து, அறைக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவள் நான். நடக்கச் சொன்னார் டாக்டர். முதல் நாளே ரயில்வே கேட்டருகில் நான்கு நாய்கள். நைட்டி மேல் துண்டும், மகனுடைய பழைய ஷூவுமாக எதிரே வந்தீர்கள். "ஓடாத கண்ணு. குனி. கல்லு கீதோ இல்லியோ, எடுக்கிற மாரி குனி." குனிந்தேன். நாய்கள் ஓடின. உங்களுக்கு சுகர், அதனால் நடப்பதாகச் சொன்னீர்கள். மறுநாளிலிருந்து சேர்ந்து நடந்தோம்.

கேட், பள்ளிக்கூடம், அம்மன் கோயில், ஏரிக்கரை, பிளாட்டுகள், மறுபடியும் கேட். நாற்பது நிமிடம். எப்போதும் வலமாக. ஒருநாள் நான் எதிர்ப்பக்கம் திரும்பியபோது கையைப் பிடித்து இழுத்தீர்கள். "இன்னா கண்ணு, ஊர எடமா சுத்துவாங்களா?"

பிளாட் போட்ட இடத்தில், மஞ்சள் அடித்த எல்லைக் கற்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் உங்கள் வீட்டுக் கழனியும் இருந்தது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று எதிர்பார்த்து, வருந்துவதற்கு ஏற்ற முகத்தையும் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "கழனியா இருந்தப்போ இங்க நான் எங்க நடந்தேன்? நாத்து, களைன்னு மடங்கியே கெடந்தேன். இப்பதான் கைய வீசிகினு போறேன்."

வீட்டில் உங்கள் நடை ஒரு கேலிப்பொருள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனி வேன் ஓட்டும் உங்கள் வீட்டுக்காரர் வேன் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வதை அதே குரலில் செய்து காட்டுவீர்கள்: "வந்துட்டாங்கப்பா ஒலிம்பிக்கு! அடுப்புக்கும் கொல்லைக்கும் நடந்தாலே பத்து கிலோ எறங்கும்." பிறகு உங்கள் குரலில்: "பேசட்டும். இந்த நாப்பது நிமிசம் என்ன யாரும் எம்மான்னு கூப்ட முடியாது."

அந்தப் புதன்கிழமை.

ஏரிக்கரையில், சரியாகப் பாதிச் சுற்றில் நின்றீர்கள். கை தொண்டைக்குழியில். வேண்டுமென்றே ஏப்பம் விட்டுப் பார்த்தீர்கள். வரவில்லை.

"கேஸ்தான். நேத்து கெழங்கு துன்னேன். அப்டியே ஏறி தாடைல ஒக்காந்துகிச்சு."

கேஸ். தோளிலிருந்து தொப்புள் வரை எது வலித்தாலும் நாம் அதற்கு வைத்திருக்கும் ஒரே பெயர். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் நான் படித்திருந்தேன்: பெண்களுக்கு மாரடைப்பின் வலி தாடையிலும் முதுகிலும் வரும். கைப்பேசியில் தேடினேன். முதல் வரியிலேயே இருந்தது. பைக்குள் வைத்துவிட்டேன்.

"ஈசிஜி எடுத்துரலாம்க்கா. ஆவடிக்கு அரை மணி நேரம்தான்."

"எடுத்தா? டாக்டரு ரெஸ்ட்டுன்னுவாரு. அத்தோட முடிஞ்சுது என் வாக்கிங்கு. ஷூவத் தூக்கி பரண்மேல போட்ருவாரு இவரு."

"அப்போ திரும்பியாவது போகலாம்."

"எடுத்த சுத்த பாதில வுடுவாங்களா? நட."

திரும்பினால் என்ன, முழுதாகச் சுற்றினால் என்ன, தூரம் ஒன்றுதான். ஆனால் திரும்பி நடந்தால் அது இடச்சுற்று. அதையும் யோசித்திருப்பீர்கள் என்று பிறகுதான் தோன்றியது. மெதுவாக நடந்தோம். கேட் அருகில் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். கை ஈரமாக இருந்தது.

"ஊட்ல சொல்லிடாத கண்ணு. திங்கக்கெழம நானே வரேன். நீயே இட்டுகினு போ."

சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்? உங்களுக்காக என்று பல மாதம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மை. இந்த ஊரில் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. நடை நின்றால் எனக்கும் நிற்கும்.

வியாழக்கிழமை குளிர்காற்று. உங்கள் கழுத்தில் வியர்வை. வெள்ளிக்கிழமை மூன்று முறை நின்றீர்கள், எண்ணினேன். நிற்கும்போதெல்லாம் எதையாவது காட்டினீர்கள். முதலில் ஒரு நீர்க்காகம். பிறகு யாரோ புதிதாக எழுப்பிய சுவர். மூன்றாவது முறை காட்டிய இடத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் நான் அங்கேதான் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. மூன்று மின்ரயில்கள் போகும்வரை கேட்டருகில் நின்றேன். பிறகு தனியாகச் சுற்றி வந்தேன். முழுச் சுற்று. முடித்துவிட்டு உங்கள் தெருவுக்குள் நுழைந்தால், வாசலில் கூட்டம்.

"தாடை வலிக்குதுன்னா. கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி வச்சுக் குட்த்தேன்," என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் உங்கள் வீட்டுக்காரர். அந்த டம்ளர் ஜன்னலில் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கூடவே நடப்பியேம்மா. உன்னாண்ட எதுனா சொன்னாளா?"

"இல்லண்ணா."

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் எல்லாருக்கும் விளக்கினார். முன்னாடி ஒண்ணுமில்ல, சட்டுனு போய்ட்டா, காலங்காத்தால நடந்ததுதான் ஒத்துக்கல. இன்று உங்கள் மகளைத் தடுப்பதும் அதே சொல்தான்.

போய்விட்டு வருகிறேன்.

*

சொல்லிவிட்டேன். இன்னும் இருட்டவில்லை.

வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். திங்கட்கிழமை என்று பேசிவைத்திருந்ததையும் சொன்னேன். அவர் கை ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

"பொதன்கெழமையேவா?"

"ஆமாண்ணா."

"நின்னு நின்னு வந்தாளா?"

"ஆமா."

"படிச்ச பொண்ணுதானே நீ."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஷூவைப் பரணில் போட்டுவிடுவார் என்று நீங்கள் பயந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியவேண்டாம், அக்கா. ஆனால் அவரே கேட்டார்: "என்னாண்ட ஏன் சொல்லலியாம்?" தெரியாது என்றேன். இன்னொரு பொய். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள் வாசலுக்கு வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் பக்கம் திரும்பாமல் அவர் சொன்னார்: "நாளைலேர்ந்து நடக்கட்டும். நான் கூடப் போறேன்."

பிறகு என்னிடம்: "நீ வாணாம்மா."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாளைக் காலை அவர்கள் முன்னால் போவார்கள். நான் பின்னால், தூரமாக. இருவரில் யாராவது ஒருவர் நின்றால் நானும் நிற்பேன். எதற்கு நின்றீர்கள் என்று கிட்டே போய்க் கேட்க எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை.

கேட்பேன்.