வெளியே போகும் கதவு

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் படியேற விடுகிறதா? அப்பா மாத்திரையை ஒளித்து வைக்காமல் விழுங்குகிறாரா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பதறாதே. எங்கள் கிடங்கில் தீ விபத்துப் பயிற்சி நடந்தது. நிஜ நெருப்பு கிடையாது. கண்ணை முழுக்க மூடுகிற கனமான ஒரு கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அதற்குள் சினிமா போலக் கிடங்கு எரியும். கதவைக் கண்டுபிடித்து ஓட வேண்டும். அங்கே ஆள் அரவமே இல்லை அம்மா. புகை மேகம் போல மிதந்தது, ஜன்னலில் மஞ்சள் வெயில். எட்டுப் பேர் படுக்கும் அறையிலிருந்து போனவள், அந்த அமைதியில் அப்படியே நின்றுவிட்டேன்.

"கணக்குப்படி நீ செத்து ரெண்டு நிமிஷம் ஆச்சும்மா," என்று பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கதவு பக்கத்துலதானே இருந்துச்சு, ஏன் ஓடல?"

"வெளிய போய் எங்க போறதுன்னு தெரியல சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வேலை மணி அடிக்கிறது, முடித்துவிடுகிறேன். அடுத்த மாதம் மறுபடி அதே பயிற்சி. நம் வாசல் கதவைத் திறந்துவைத்து, நீ அதில் நிற்பதுபோல ஒரு படம் எடுத்துப் போனில் அனுப்ப அப்பாவிடம் சொல். இந்தத் தடவை ஓடி வந்துவிடுவேன்.

உன் மகள்