ஜெனித்தின் கேமும் தேர் உபயமும்

பெங்களூர்

ஜெனித் அப்பாவுக்கு,

மாதா துணையால் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று நான், ஜெனித், அவனோடு கேம் செய்த வேணி, மூவரும் கணக்குப் பார்த்தோம். நாலாயிரம் பேர் கேமை வாங்கியதும், சிடி போடும் செலவில்லை, லாரி வாடகை இல்லை, வந்ததெல்லாம் பிள்ளைக்கே என்று நம்பி உங்களை மாதா கோயில் தேர் உபயம் ஏற்கச் சொன்னேன். என் தப்பு. இணையக் கடை நூற்றுக்கு முப்பது எடுத்தது. மீதியை, கேமை வெளியிட்ட கம்பெனி, அதைச் செய்ய முன்பணமாகத் தந்ததற்காகப் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

"நாலாயிரம் பேர் விளையாடிக்கினு இருக்காங்கம்மா, அது கணக்குல வராதா?" என்று சிரித்தான். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

உபயம் முடியாது என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடுங்கள். மல்லாட்டையை ஓட்டோடு வறுத்து அனுப்புங்கள், அதையாவது தின்பான். நீங்கள் அவன் கேமை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை விளையாடிவிட்டு, எப்படி இருக்கிறதென்று அவனுக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

லூசியா