இறக்கத்தில் எழுந்து போகும் அம்மா

மே 6

ஹெய்னெர் இத்தாலியிலிருந்து போனில் பேசினான். வெகுநேரம் பேசியும் எனக்குத் தேறியது இவ்வளவுதான்: "கால் நல்லா இருந்துச்சுண்ணே. கடவுள் புண்ணியம். டீம்ல எல்லாரும் ஒத்துழைச்சாங்க." இதை வைத்து அவன் வாழ்க்கை வரலாற்றில் நான் ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். கொலம்பியாவே தலையில் வைத்து ஆடும் சைக்கிள் வீரன், இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. நான் எழுதி முடித்ததை அடுத்த பந்தயத்திலேயே பழசாக்கிவிடுகிறான்.

போகோட்டாவிலிருந்து பதிப்பாசிரியர் பியெதாத் ஓயாமல் நச்சரிக்கிறார். "ஜெயிச்சதெல்லாம் பேப்பர்லயே வந்தாச்சு. வீட்டுக்குள்ள போங்க. எனக்கு அவன் அம்மாவோட முகம் வேணும்."

மே 9

சோராக்கா, ஹெய்னெரின் ஊர். அவன் வீட்டிலேயே எனக்கு ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் அவன் அம்மா எதெல்மிரா சுடச்சுட வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டி போட்டுத் தந்தார். பந்தயத்தில் மலை ஏற்றம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து மகனுக்கு அர்ச்சனை: "மிதிடா சோம்பேறி! முதுகுல உருளக்கெழங்கு மூட்டையா இருக்கு?"

உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஹெய்னெரின் அக்கா யொலிமா சத்தத்தைக் குறைத்தாள். அவன் சமதளத்துக்கு வந்த பிறகு, "முடிஞ்சுதும்மா, வா" என்று கூப்பிட்டாள். அம்மா வந்து உட்கார்ந்தார்.

"எப்பவுமே இப்படித்தானா?" என்றேன்.

"அவன் சைக்கிள் தொட்ட நாள்லேர்ந்து. எறக்கத்த மட்டும் அம்மா பாக்காது. நாங்க சொன்னாத்தான் வெளிய வரும்."

மே 10

பார்க்காத அம்மாவின் முகத்தை எப்படி எழுதுவது?

மே 14

எழுதித்தான் ஆக வேண்டும்.

இத்தாலியில் நல்ல மழை. நீண்ட இறக்கம், ஹெய்னெர் முன்னால் போகிறான். அம்மா அடுப்படியில். யொலிமா பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வாசலுக்குப் போயிருந்தாள். அப்போது நான் கூப்பிட்டேன். நான்தான். "முடிஞ்சுதும்மா, வாங்க."

முடியவில்லை. பாதி இறக்கம் பாக்கி இருந்தது. எனக்கு அந்த முகம் வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தால் குடியா முழுகிப்போகும் என்று நினைத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உட்காரக்கூட இல்லை. வளைவில் சக்கரம் வழுக்கி, ஹெய்னெர் தடுப்புக் கம்பியில் மோதி அந்தப் பக்கம் போய் விழுந்தான்.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

மே 15

உயிருக்கு ஆபத்தில்லை. தோள்பட்டை எலும்பும் விலா எலும்பும் முறிந்திருக்கின்றன.

"நீ எப்படிம்மா வெளிய வந்தே? யாரு கூப்பிட்டா?" — யொலிமா.

"யாரும் கூப்பிடல. முடிஞ்சிருக்கும்னு நானாத்தான் வந்தேன்" என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சீ!

மே 20

அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். நான் கூப்பிட்டது அதில் இல்லை. அம்மாவின் பார்வையையும் டிவி பக்கமே வைத்துவிட்டேன்.

பியெதாத் உடனே போன் செய்தார். "அழுதுட்டேன். புக்கே இதுதான்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது! இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

ஜூன் 11

ஹெய்னெர் கையில் கட்டோடு வந்திருக்கிறான். கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்தோம்.

"எலும்பு கூடிரும்ணே. ஆனா அம்மா பாத்துட்டாங்களே. ராத்திரில எந்திரிச்சு வந்து நான் மூச்சு விடறேனான்னு பாக்கறாங்க."

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "நான்தான் கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"புத்தகத்துக்கு."

அடித்திருந்தால் தேவலை. நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப அதையும் எழுதுங்க. இல்லேன்னா புக்கே வேணாம்."

கால், டீம் என்ற பல்லவியை விட்டுவிட்டு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதையும் என் மனசு அப்போதே எழுதிவைத்துக்கொண்டது. என்ன ஜென்மம் நான்?

ஜூன் 19

திருத்தி எழுதி அனுப்பினேன். "உங்க மூஞ்சில நீங்களே கரி பூசிக்கறீங்க" என்கிறார் பியெதாத். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிட்டியா, சாமி?" என்றார்.

செப்டம்பர் 4

ஹெய்னெர் ஸ்பெயினில். கட்டு பிரித்தபின் முதல் பெரிய பந்தயம். நான் சோராக்காவுக்கு வர வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

உச்சியில் அவன் மற்றவர்களை விட்டுத் தனியாக முன்னே போனான். அம்மா எழுந்து போனார். இந்தமுறை அடுப்படிக் கதவையும் சாத்திக்கொண்டார். அவன் வளைவு வளைவாக இறங்கிச் சமதளத்துக்கு வந்துவிட்டான்.

"முடிஞ்சுதும்மா, வா! தனியா வர்றான்!" என்று யொலிமா கத்தினாள். கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டார் கூப்பிட்டார்கள். "சத்தியமாம்மா!" என்று யொலிமா கதவைத் தட்டினாள். நான் எந்த வாயால் கூப்பிடுவது?

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அன்னிக்கும் இப்படித்தான் கூப்பிட்டாங்க."

அவன் முடிவுக் கோட்டைத் தாண்டினான். ஊரே வெடி போட்டது. அவன் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி. அம்மா பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஹெய்னெர் போன் செய்தான். யொலிமா போனைக் கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டினாள். ஜெயித்ததைப் பற்றி அம்மா கேட்கவே இல்லை.

"எறங்கிட்டியா?" என்றார். அவன் ஏதோ சொன்னான். "நெசமாவா? சும்மா சொல்லலியே?"

மகனே சொல்லியும் அவரால் உடனே நம்ப முடியவில்லை.